ஆயுத பூசை மேசையில் இருந்த உளி



போன ஆயுத பூசைக்கு நம் லூனாஸ் கிளையில் ஒரு சின்ன மாற்றம் செய்தோம். வழக்கமாக மண்டபத்தில் இருக்கும் மிருதங்கம், ஆர்மோனியம், சமய வகுப்புப் புத்தகங்கள் இவற்றைத்தான் வைத்துப் படைப்போம். இந்தத் தடவை, "வேலைக்குப் போறவங்க அவங்கவங்களுக்குச் சோறு போடுற சாமானைக் கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டோம். மேசை போதவில்லை. ஸ்பானர் செட், பிளையர், வயரிங் வேலைக்கு வைத்திருக்கும் டெஸ்டர், முடிவெட்டும் கத்தரிக்கோல், தையல் ஊசிப் பெட்டி, ஒரு பாட்டி கொடுத்தனுப்பிய பழைய பால் கத்தி. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துப் பூப் போட்டார்கள் நம் பிள்ளைகள்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது ஒரு உளி கண்ணில் பட்டது. இரும்பு வெட்டுகிற குளிர் உளி. அடி வாங்கி வாங்கி அதன் தலை காளான் மாதிரி விரிந்து, ஓரமெல்லாம் சுருண்டு, பிளந்து நின்றது. சுருண்ட இடத்தில்தான் யாரோ அழகாகக் குங்குமம் வைத்திருந்தார்கள். எனக்குக் கை நடுங்கியது.

"யாரோடதுப்பா இது?"

"என்னோடதுதான் அண்ணே," என்றான் ஒரு தம்பி. பத்தொன்பது வயது. வெல்டிங் பட்டறையில் சேர்ந்து நான்கு மாதம்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"நான் சேர்ந்தப்பவே அப்படித்தான் அண்ணே. நல்லா வெட்டுது."

அந்த "நல்லா வெட்டுது"க்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. தோட்டத்தை விட்டு வெளியே வந்து ஒரு சின்ன பட்டறையில் மெயின்டனன்ஸ் வேலை. எந்தப் பட்டறை என்பது இங்கே முக்கியமில்லை. ஒரு நாள் சாயங்காலம், துருப்பிடித்துப்போன ஒரு நட்டைக் கழற்ற முடியவில்லை. உளியை வைத்து வெட்டிவிடலாம் என்று இறங்கினேன். வெளிச்சம் போதவில்லை, அதனால் கூட வேலை செய்த கூட்டாளியை டார்ச் பிடிக்கச் சொன்னேன். அவன் குனிந்து, முகத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து பிடித்தான். மூன்றாவது அடியிலோ நான்காவது அடியிலோ "ஆ" என்று ஒரு சத்தம். உளியின் விரிந்த தலையிலிருந்து ஒரு சிம்பு தெறித்து அவனுடைய இடது கண்ணுக்குள் போய்விட்டது. அரிசி முனை அளவுகூட இருக்காது. அந்தக் கண்ணில் இன்றைக்கு அவனுக்கு வெளிச்சம், நிழல் மட்டும்தான் தெரியும்.

என் கண்ணில் கண்ணாடி இருந்தது. அவன் கண்ணில் இல்லை. "நீ சும்மா லைட்டுதானே பிடிக்கிற" என்று நானே சொன்னேன். உளியின் தலையை அன்று காலையிலேயே பார்த்தேன். கிரைண்டரில் வைத்து ஐந்து நிமிடம் தேய்த்திருந்தால் போதும். "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று விட்டுவிட்டேன்.

உளியின் தலை ஏன் விரிகிறது? ஒரே உளியில் இரண்டு விதமான எஃகுத் தன்மை இருக்கிறது. வெட்டுகிற முனையைச் சூடாக்கி, குளிரவைத்து, கடினமாக்கியிருப்பார்கள். அடி வாங்கும் தலையை வேண்டுமென்றே கொஞ்சம் மிருதுவாக விட்டிருப்பார்கள். தலையும் கடினமாக இருந்தால் சுத்தியல் பட்டவுடன் கண்ணாடி மாதிரி உடைந்து தெறிக்கும். மிருதுவாக இருப்பதால் உடையாமல் நசுங்குகிறது, விரிகிறது. அதாவது விரிவது தப்பில்லை, அது அப்படித்தான் ஆகும். விரிந்ததைத் தேய்த்து எடுக்காமல் விடுவதுதான் தப்பு. விரிந்து சுருண்ட விளிம்பு ஒவ்வொரு அடியிலும் வளைந்து வளைந்து கடைசியில் பிய்த்துக்கொண்டு போகும். எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தேய்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு, கிரைண்டரின் தாங்கியைக் கல்லுக்கு 3 மில்லிமீட்டர் இடைவெளிக்குள் நெருக்கி வைத்து, தலையின் ஓரத்தைச் சுற்றிலும் சரிவாகத் தேய்க்க வேண்டும். கையுறை வேண்டாம். சுற்றுகிற கல்லில் கையுறை மாட்டினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். முனையைத் தேய்க்கிறபோது அடிக்கடி தண்ணீரில் முக்க வேண்டும். இரும்பு நீலமாக மாறிவிட்டால் கடினம் போய்விட்டது என்று அர்த்தம், பிறகு அது எதையும் வெட்டாது.

அதே காரணத்துக்காகத்தான் ஒரு சுத்தியலை இன்னொரு சுத்தியலால் அடிக்கக் கூடாது என்பது. இரண்டு முகமும் கடினம். ஏதாவது ஒன்று சில்லுப் பெயரும். சுத்தியல் தலை கொஞ்சம் ஆடினாலும் அதை ஓரமாக வைத்துவிடுங்கள். டேப் சுற்றிச் சரி பண்ணுகிறவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். டேப் பிடிப்பைக் கொடுக்காது, விரிசலை மறைக்கத்தான் உதவும்.

இப்போது அந்தப் பாட்டியின் பால் கத்தி. உங்களில் பாதிப் பேருக்கு அது என்னவென்றே தெரியவில்லை. உங்கள் மேல் குற்றமில்லை. நம் பக்கத்தில் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது, பல இடத்தில் வீட்டுமனை வந்துவிட்டது. ஆனால் லூனாஸ், பாடாங் செராய், கூலிம் சுற்றுவட்டாரத்தில் நம்மில் பெரும்பாலானோருக்கு இரண்டு தலைமுறைக்கு முன்னால் கையில் இருந்த ஆயுதம் அதுதான். மரத்தைக் கொல்லாமல், அதே வெட்டைத் தினம் தினம் புதுப்பித்துப் பால் எடுக்கும் முறையை 1890-களில் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தில் ஹென்றி ரிட்லி பரிசோதித்துக் காட்டினார். அதற்குத் தோதான கத்திகள் பிறகு பலவிதமாக வந்தன. இங்கே அதிகம் புழங்கியது ஜெபோங் கத்தி. முனையில் மடங்கி இருக்கும், தன் பக்கமாக இழுத்துச் சீவ வேண்டும்.

பால் மரம் சீவுவது சாதாரணப்பட்ட கைவேலை இல்லை. ஒரு வெட்டுக்குப் போகிற பட்டை சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்க வேண்டும். ஆழம் போனால் உள்ளே இருக்கும் வளர்படலத்தில் காயம் பட்டு, புதுப்பட்டை முண்டு முண்டாக வளரும். அதற்குக் கொஞ்சம் வெளியே, 1 மில்லிமீட்டர் விட்டு நிறுத்த வேண்டும். இதையெல்லாம் விடியாத இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், நிரை நிரையாகச் செய்தார்கள். ஏன் இருட்டில்? வெயில் ஏறுவதற்கு முன்னால் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும்.

என் அம்மா சாயங்காலம் தீட்டுக்கல்லோடு உட்கார்ந்துவிடுவார். கத்தியின் மடிப்புக்குள்ளே தேய்க்க ஒரு மெல்லிய கல் தனியாக வைத்திருந்தார். "மழுங்கின கத்திதாண்டா கையை வெட்டும்" என்பார். சின்ன வயதில் எனக்கு இது புரியவில்லை. கூரான கத்திதானே வெட்டும்? பட்டறைக்கு வந்தபிறகுதான் விளங்கியது. கூரான கத்தி லேசாக இழுத்தாலே போகிறது. மழுங்கிய கத்திக்குப் பலம் கொடுக்க வேண்டும். பலம் கொடுத்து இழுக்கும்போது வழுக்கினால் அந்தப் பலம் முழுக்க எங்கே போகும்? தொடைக்கு, அல்லது மரத்தை அணைத்திருக்கும் இடது கைக்கு.

இன்னொன்றும் செய்வார். பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி, கத்தி முனைக்கு உறை போட்டுவைப்பார். ஈரப் புல்லில், வேர் தடுக்கும் இருட்டில் நடக்கிறவர் கையில் திறந்த கத்தி இருந்தால், விழுகிற ஒரு விழுக்காட்டில் கதை முடிந்துவிடும். இதை அவருக்கு எந்தப் பாதுகாப்பு அதிகாரியும் சொல்லித் தரவில்லை.

ஒரு விஷயம் மட்டும் என் மனதில் இன்றுவரை நெருடுகிறது. தோட்டத்தில் மரத்தில் பட்ட காயங்களை எண்ணிப் பார்ப்பார்கள். காயம் அதிகமிருந்தால் திட்டு விழும். என் அம்மாவின் விரல்களில் இருந்த காயங்களை ஒருவரும் எண்ணியதாக எனக்கு நினைவில்லை.

செம்பனைக்கு வருவோம், ஏனென்றால் அங்கே இன்னும் நம் ஆட்கள் இருக்கிறார்கள், கண்டிரெக்டில் போகிற தம்பிகளும் இருக்கிறார்கள். குட்டை மரத்துக்கு நீளக் கம்பியில் உளி. மரம் உயர்ந்துவிட்டால் அலுமினியக் கம்பத்தின் நுனியில் அரிவாள். மேலே பார்த்துக்கொண்டே வெட்டுகிற வேலை இது. குலைக்கு நேர் கீழே நிற்கக் கூடாது. இருபது கிலோ குலை முப்பது அடியிலிருந்து வந்தால் தலைக்கவசம் ஓரளவுக்குத்தான். மட்டை விழும் பக்கம், குலை விழும் பக்கம் இரண்டையும் முதலில் பார்த்துவிட்டு, பின்னால் ஓடுவதற்கு வழி இருக்கிறதா என்று பார்த்து, அதற்கப்புறம்தான் கம்பத்தைத் தூக்க வேண்டும். உதிரி பொறுக்குகிறவர் அந்த நேரத்தில் அந்த மரத்தடியில் இருக்கவே கூடாது. நிறைய இடத்தில் கணவர் வெட்டுவார், மனைவி பொறுக்குவார். அவசரத்தில் இருவரும் ஒரே மரத்தடியில் நிற்பார்கள்.

அதைவிடப் பயங்கரம் மின்கம்பி. அலுமினியம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தோட்டத்து ஓரமாகப் போகும் 11,000 வோல்ட் கம்பியில் கம்பம் பட வேண்டும் என்றுகூட இல்லை, மிக நெருங்கினாலே மின்சாரம் தாவும். பூட்ஸ் போட்டிருக்கிறேன் என்பது இங்கே செல்லாது. கம்பிக்குப் பக்கத்தில் இருக்கிற மரத்தை வெட்டச் சொன்னால், "இந்த மரம் வேணாம் ஐயா, டி.என்.பி.க்குச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுங்கள். ஒரு குலைக்கு வருகிற காசுக்கு அந்த மரத்தடியில் நிற்க வேண்டியதில்லை.

பட்டறைச் சாமான்களில் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரத்துக்குப் பிடி இல்லாமல் தேய்க்காதீர்கள். அதன் வால் கூரானது, தடுக்கினால் உள்ளங்கைக்குள் ஏறும். ஸ்பானரை இழுங்கள், தள்ளாதீர்கள். தள்ளும்போது நட்டு சட்டென்று விட்டுக்கொடுத்தால் முட்டிதான் இரும்பில் மோதும். தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால் விரலை மடக்காமல் உள்ளங்கையை விரித்துத் தள்ளுங்கள். பெரிதாக்கிச் சின்னதாக்கும் ஸ்பானரில் அழுத்தம் நகராத தாடையின் மேல் விழுகிற மாதிரி மாட்ட வேண்டும். பைப்பைச் சொருகி நீளமாக்குவது வேண்டாம், பெரிய ஸ்பானர் கேட்டு வாங்குங்கள்.

ஸ்குரூட்ரைவர்தான் நம் ஆட்களிடம் படாத பாடு படுகிற சாமான். டின் திறக்க அதுதான், நெம்ப அதுதான், உளியும் அதுதான். அதில் அதிகம் நடக்கிற விபத்து என்ன தெரியுமா? சின்ன சாமானை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் திருகுவது. வழுக்கியது என்றால் நேரே உள்ளங்கையில் குத்தும். மேசையில் வைத்து வைஸில் பிடியுங்கள். வயரிங் செய்கிற தம்பிகளே, பிடியில் பிளாஸ்டிக் இருந்தால் ஷாக் அடிக்காது என்று நினைக்காதீர்கள். 1000 வோல்ட் என்ற எண்ணும் இரட்டை முக்கோணக் குறியும் இருந்தால்தான் அது சோதித்த காப்புப் பிடி. அது இருந்தாலும் மெயினை அடைத்து, டெஸ்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

உயரத்தில் ஏறி வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. பத்து மீட்டர் உயரத்திலிருந்து நழுவுகிற சுத்தியல் தரையைத் தொடும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. கூலிமில் நாம் மோட்டார் ஓட்டுகிற வேகம். சுத்தியலை மணிக்கட்டிலோ இடுப்பிலோ கயிறு போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள்.

தங்கைகளை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். 1996-இல் கூலிம் ஹை-டெக் பார்க் வந்ததிலிருந்து நம் வீட்டுப் பெண்கள் எத்தனையோ பேர் எலக்ட்ரானிக்ஸ் வரிசையில் நிற்கிறார்கள். கையில் ஒரு சின்ன நிப்பர், ஒரு ட்வீசர். இதில் என்ன ஆபத்து என்று கேட்பார்கள். நிப்பரால் வெட்டின கம்பித் துண்டு தெறிக்கும். வெட்டுகிற நுனியை விரலால் பிடித்துக்கொண்டு, கீழ்ப்பக்கமாகத் திருப்பி வெட்டுங்கள், கண்ணாடியைக் கழற்றாதீர்கள். இன்னொன்று சத்தமில்லாமல் வருவது. ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கான தடவை மணிக்கட்டை மடக்கி மடக்கி அழுத்தினால், ராத்திரி தூங்கும்போது கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் மரத்துப்போகும், கையை உதறினால் சரியாகும். "ரத்த ஓட்டம் சரியில்லை" என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது. மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்கிற மாதிரி மேசை உயரத்தை மாற்றித் தரும்படி கேளுங்கள், சீக்கிரமே டாக்டரைப் பாருங்கள்.

அடிபட்டுவிட்டால்? கண்ணில் ஏதாவது குத்தியிருந்தால் தேய்க்கக் கூடாது, பிடுங்கவும் கூடாது. காகிதக் கப் ஒன்றைக் கண்ணுக்கு மேல் கவிழ்த்து ஒட்டி மருத்துவமனைக்கு ஓடுங்கள். என் கூட்டாளிக்கு நான் ஈரத் துணியால் துடைத்துவிட்டேன். பதற்றத்தில் செய்தது. வெட்டுக் காயத்தை நல்ல துணியால் அழுத்திப் பிடியுங்கள், கையை உயர்த்துங்கள். காப்பித்தூள், மஞ்சள் எல்லாம் சமையலறையிலேயே இருக்கட்டும். விரல் துண்டாகிவிட்டால் அந்தத் துண்டை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். நேரடியாக ஐஸில் போட்டால் தசை கெட்டுவிடும். துருப்பிடித்தது குத்தினால் டெட்டனஸ் ஊசியைக் கேட்டு வாங்குங்கள்.

அன்றைக்கு எங்கள் விபத்துக்குப் பிறகு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மருத்துவமனை வாசலில் எங்கள் மேற்பார்வையாளர் என் கூட்டாளியின் காதில், "வீட்டுல நடந்ததுன்னு சொல்லுப்பா, நான் பாத்துக்கிறேன்" என்றார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. கூட்டாளியின் அக்காதான் இரண்டு நாள் கழித்து, "உண்மையைச் சொல்லு, உனக்குக் கண்ணு போனாப் போனதுதானா?" என்று சத்தம் போட்டு, நேரே சொக்சோ அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே நான் சாட்சி சொன்னேன். கொஞ்ச நாளில் வேறு வேலை தேடிக்கொண்டேன்.

ஆகவே இந்த விஷயங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சொக்சோ 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கிறது. வேலையில் விபத்து நடந்தால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். நான்கு நாளோ அதற்கு மேலோ எம்.சி. கிடைத்தால், தினச் சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு தற்காலிக ஊன உதவியாகக் கிடைக்கும். நிரந்தரமாகக் குறை வந்துவிட்டால் அதற்குத் தனிக் கணக்கு இருக்கிறது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வழியில் நடக்கிற விபத்தும் இதில் சேரும். சொந்தமாக வயரிங், புல் வெட்டுவது என்று ஓடுகிற தம்பிகள் 2017-ஆம் ஆண்டு சுயதொழில் சட்டத்தின் கீழ் சேர முடியுமா என்று சொக்சோவில் கேளுங்கள்.

1991 மே 7-ஆம் தேதி சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் இறந்தார்கள். மூன்று வருடம் கழித்து, 1994-இல், வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரச் சட்டம் வந்தது. 2024 ஜூன் 1 முதல் அதன் திருத்தம் நடப்பில் இருக்கிறது. கடமை தவறும் முதலாளிக்கு அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட் வரை போகலாம். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். கண்ணாடி, கையுறை, பூட்ஸ் போன்ற சட்டம் கேட்கிற பாதுகாப்புச் சாமானுக்கு உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது, அது 26-ஆம் பிரிவு. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமான காரணத்தோடு நம்பி, முதலாளியிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகுவதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. புதிதாக வந்த 26ஏ பிரிவு அதைத்தான் சொல்கிறது. நமக்கும் ஒரு பிரிவு இருக்கிறது, 24. நம் பாதுகாப்பையும், நம் செயலால் பாதிக்கப்படக்கூடிய மற்றவர் பாதுகாப்பையும் நாம் கவனிக்க வேண்டும் என்கிறது. டார்ச் பிடிக்கிறவனும் அந்த "மற்றவரில்" ஒருவன்.

பூசை முடிந்து சுண்டல் கொடுத்த பிறகு, அந்தத் தம்பியைக் கூப்பிட்டு என் கூட்டாளியின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "பட்டறையில எனக்குக் கண்ணாடி கொடுக்கல அண்ணே. கேட்டா சிரிக்கிறாங்க," என்றான். அடுத்த நாள் நானும் அவனும் சேர்ந்தே போய்க் கேட்டோம். முதலாளி கொஞ்சம் முறைத்தார், மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு கண்ணாடி எடுத்துக் கொடுத்தார். இரண்டாவது எதற்கு என்று தம்பி கேட்டான். பக்கத்தில் நிற்கிறவனுக்கு என்றேன்.

விஜயதசமி கழிந்த ஞாயிற்றுக்கிழமை அந்த உளியை மண்டபத்துப் பின்புறம் தேய்த்தோம். சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது, அதுவும் சேர்ந்து போனது. அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, சமய வகுப்பு முடிந்ததும், கிரைண்டரும் தீட்டுக்கல்லும் அரமும் வெளியே வரும். உங்கள் சாமான்களைக் கொண்டு வாருங்கள். கண்ணாடி நாங்கள் வைத்திருக்கிறோம்.